50 நாள் கோடு 200 நாள் கோட்டுக்குக் கீழே போனால் பங்கை விற்றுவிட வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: ஒரு நிறுவனத்தின் பங்கு உங்களிடம் இருக்கிறது. அதன் 50 நாள் நகரும் சராசரி (கடைசி 50 நாள் விலைகளின் சராசரி, தினமும் புதிதாகக் கணக்கிடுவது), 200 நாள் சராசரிக்குக் கீழே இறங்கப்போகிறது. இதை ‘டெத் கிராஸ்’ என்று சொல்லிச் சிலர் பயமுறுத்துகிறார்கள். விற்கலாமா, காத்திருக்கலாமா? கூடவே, எத்தனை நாள் சராசரி சரியானது, எல்லா நாளுக்கும் ஒரே எடை தரும் சிம்பிள் நல்லதா, புதிய விலைக்கு அதிக எடை தரும் எக்ஸ்போனென்ஷியல் நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தக் கோடுகளைப் பார்த்து, விலை அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள முடியுமா? விலைத் தரவுகளோடு பல வருடங்களாக வேலை செய்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில், இதில் எது வெறும் கணக்கு, எது ஆய்வுகளில் ஓரளவு தேறியது, எது நம்பிக்கை மட்டும் என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். கணக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை, அதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு பங்கின் ஐந்து நாள் முடிவு விலைகள் (அன்றன்று வர்த்தகம் முடியும்போது இருந்த விலைகள்) 100, 102, 101, 105, 107 என்று வையுங்கள். கூட்டினால் 515, ஐந்தால் வகுத்தால் சராசரி 103. ஆறாம் நாள் விலை 104-க்கு இறங்குகிறது. பழைய 100 வெளியே போகிறது, 104 உள்ளே வருகிறது. கூட்டுத்தொகை 519, சராசரி 103.8. விலை 3 புள்ளி இறங்கிய நாளில் சராசரி ஏறியிருக்கிறது, பாருங்கள். சிம்பிள் சராசரி ஒரு நாளில் எவ்வளவு நகர்கிறது என்பதை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன: இன்று உள்ளே வந்த விலை, இன்று வெளியே போன விலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அன்றைய நகர்வு கிடைத்துவிடும். இங்கே 4-ஐ 5-ஆல் வகுக்க 0.8.

இதையே 200 நாளுக்குப் பொருத்திப் பாருங்கள். 200 நாள் கோடு இன்று மேல்நோக்கித் திரும்பியது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்றைய முடிவு விலை, 200 வர்த்தக நாட்களுக்கு முந்தைய முடிவு விலையைவிட அதிகம். நடுவில் இருக்கும் 199 நாட்களுக்கு அந்தத் திருப்பத்தில் எந்தப் பங்கும் இல்லை. வருடத்தில் ஏறக்குறைய 250 வர்த்தக நாட்கள் என்பதால், 200 நாள் என்பது பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு காலத்துக்கு முன் ஒரு மோசமான காலாண்டு முடிவால் பங்கு ஒரே நாளில் பலமாகச் சரிந்திருந்தால் என்ன ஆகும்? சரிவுக்கு முந்தைய உயர்ந்த விலைகள் ஒவ்வொன்றாக வெளியேறும்வரை கோடு வேகமாக இறங்கும். அவை தீர்ந்ததும், தாழ்ந்த விலைகள் வெளியேறத் தொடங்கும், இப்போதைய விலை அவற்றைவிடச் சற்று அதிகமாக இருந்தாலே கோடு மேலே திரும்பும். திரும்பிய அன்றைக்கு நிறுவனத்தில் ஒன்றுமே நடந்திருக்க வேண்டியதில்லை. அதனால் ஒரு கோடு திரும்பியது என்று யாராவது சொன்னால், நான் முதலில் சார்ட்டின் இடது பக்கம் போய் அன்று வெளியேறிய விலை எது என்று பார்ப்பேன். பாதி நேரம் விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

அடுத்தது தாமதம். விலை சீராக ஏறிக்கொண்டே போனால், சிம்பிள் சராசரி எவ்வளவு பின்தங்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்லலாம்: நாட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 50 நாள் சராசரி சுமார் 25 நாள் பழையது; 200 நாள் சராசரி சுமார் 100 நாள் பழையது. ஆக, 50 கோடும் 200 கோடும் வெட்டிக்கொள்வது என்பது ஐந்து வாரத்துக்கு முந்தைய விலைமட்டத்தையும் ஐந்து மாதத்துக்கு முந்தைய விலைமட்டத்தையும் ஒப்பிடுவதற்குச் சமம். இன்றைய விலைக்கு அதில் இருப்பது சின்னப் பங்கு. நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற வெட்டு வரும்போது, அதற்குக் காரணமான இறக்கம் பெரும்பாலும் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

இந்தத் தாமதம் சில சமயம் ஒன்றும் கெடுக்காது, சில சமயம் மொத்தத்தையும் கெடுக்கும். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணில் இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. 2007 அக்டோபர் 9 அன்று அது 1,565-இல் உச்சம் தொட்டது. 50 நாள் கோடு 200-க்குக் கீழே போனது அந்த டிசம்பரில், குறியீடு 1,450-க்கு மேல் இருந்தபோது. அப்புறம் 2009 மார்ச் 9 அன்று 676 வரை விழுந்தது. கோடு மறுபடி மேலே வெட்டியது 2009 ஜூனில், சுமார் 900-இல். உச்சத்தில் விற்கவும் இல்லை, அடியில் வாங்கவும் இல்லை. ஆனாலும் நடுவில் இருந்த பெரும்பள்ளத்தில் விழாமல் தப்பியிருக்கலாம். இப்போது 2020-ஐப் பாருங்கள். பிப்ரவரி 19 உச்சம், மார்ச் 23 அடி. ஐந்தே வாரத்தில் 34 சதவீதம் சரிவு. டெத் கிராஸ் வந்தது மார்ச் மாதக் கடைசியில், அடி தொட்ட பிறகு. மறுபடி மேலே வெட்டியது ஜூலையில், குறியீடு நிறைய ஏறிய பிறகு. விதியை அப்படியே பின்பற்றியவர் கீழே விற்று மேலே வாங்கியிருப்பார். அதே சமயத்தில் ‘விலை 200 நாள் கோட்டுக்குக் கீழே போனால் விற்பேன்’ என்ற வேகமான விதியை வைத்திருந்தவருக்குப் பிப்ரவரி கடைசியிலேயே சிக்னல் வந்தது. ஆனால் மார்ச் முதல் வாரத்தில் விலை அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் தினம் ஒரு பக்கமாக மாறிக்கொண்டிருந்தது. மெதுவான சரிவுகளில் சராசரி உதவும்; திடீர்ச் சரிவுகளில் உதவாது. எந்தச் சரிவு எந்த வகை என்பது முடிந்த பிறகுதான் தெரியும்.

சிம்பிளா எக்ஸ்போனென்ஷியலா என்பதற்கு வருகிறேன். இதைப் பற்றி இணையத்தில் ஓடும் சண்டைக்கு இருக்கும் அளவு முக்கியத்துவம் விஷயத்தில் இல்லை. எக்ஸ்போனென்ஷியலில் ஒவ்வொரு நாளும் புதிய விலைக்கு ஒரு நிலையான எடை தரப்படுகிறது: இரண்டை, நாட்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 20 நாள் என்றால் 2-ஐ 21-ஆல் வகுத்து ஏறக்குறைய 9.5 சதவீதம். பழைய விலைகள் ஒரே நாளில் வெளியேறுவதில்லை, மெல்ல மெல்லத் தேய்கின்றன. அதனால் நான் மேலே சொன்ன ‘வெளியேறும் விலை’ தொந்தரவு இதில் கிடையாது. இன்றைய விலை நேற்றைய சராசரிக்கு மேல் இருந்தால் கோடு ஏறும், கீழே இருந்தால் இறங்கும், அவ்வளவுதான். இது உண்மையான நன்மை. ஆனால் இது வேகமானது, தாமதமே இல்லாதது என்று சொல்வது பாதிதான் சரி. அண்மை விலைக்கு உடனே அசையும் என்பது சரி. அதே நாள் எண்ணிக்கைக்கு, உள்ளே இருக்கும் விலைகளின் சராசரி வயது இரண்டிலும் ஒன்றே. முன்பக்கம் கூட்டிய எடையை, 20 நாளையும் தாண்டி நீளும் ஒரு வால் ஈடுகட்டிவிடுகிறது. 20 நாள் எக்ஸ்போனென்ஷியலில் கடைசி 20 நாட்களின் எடை மொத்தத்தில் 86 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மீதி அதற்கும் முந்தைய நாட்களுடையது. இரண்டு தளங்களில் ஒரே பங்குக்கு வேறு வேறு மதிப்பு காட்டினால், பெரும்பாலும் ஒன்று நீண்ட வரலாற்றிலிருந்தும் மற்றது குறுகிய வரலாற்றிலிருந்தும் தொடங்கியிருக்கும். இன்னொன்று: சார்ட்டில் பலர் பார்க்கும் எம்ஏசிடி என்ற குறிகாட்டி 12 நாள், 26 நாள் எக்ஸ்போனென்ஷியல் சராசரிகளின் வித்தியாசம். அதனால் சராசரி வெட்டும் எம்ஏசிடியும் ஒரே பக்கம் காட்டினால் அது இரண்டு சாட்சி ஆகாது. ஒரே சாட்சி இரண்டு முறை பேசுகிறது.

இதுவரை சொன்னது கணக்கு. இனி சொல்லப்போவதில் உறுதி படிப்படியாகக் குறையும்.

விலை சராசரிக்கு மேல் இருக்கிறது என்பதை வேறு வடிவில் எழுதலாம். விலைக்கும் சிம்பிள் சராசரிக்கும் உள்ள இடைவெளி, கடந்த நாட்களின் ஏற்ற இறக்கங்களுக்கு எடை கொடுத்துக் கூட்டிய தொகைதான். அண்மை நாளுக்கு அதிக எடை, பழைய நாளுக்குக் குறைந்துகொண்டே போகும் எடை. ஆகவே ‘சராசரிக்கு மேல்’ என்றால் ‘சமீப காலத்தில் ஏறியிருக்கிறது’ என்று பொருள். அப்படியானால் நம் கேள்வி இப்படி மாறுகிறது: சமீபத்தில் ஏறிய பங்கு தொடர்ந்து ஏறுமா? இது நன்றாக ஆராயப்பட்ட கேள்வி. நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த 3 முதல் 12 மாதங்களில் நன்றாக ஏறிய அமெரிக்கப் பங்குகள், அடுத்த 3 முதல் 12 மாதங்களில் மோசமாக இருந்தவற்றைவிடச் சராசரியாக நன்றாகச் செய்தன என்று காட்டினார்கள். பின்னர் வேறு பல நாட்டுச் சந்தைகளிலும் இதே போக்கு பார்க்கப்பட்டது. ஆனால் கால அளவை மாற்றினால் படம் தலைகீழாகிறது. ஜெகதீஷ் 1990-இல் காட்டியது, தனிப் பங்குகளில் ஒரு மாதம் ஏறியது அடுத்த மாதம் சற்றுத் திரும்பிவரும் போக்கு. டி பாண்ட், தேலர் இருவரும் 1985-இல் காட்டியது, மூன்று முதல் ஐந்து வருடங்கள் அடிவாங்கிய பங்குகள் பிறகு மீளும் போக்கு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நேரடியாக உபயோகமான ஒரு முடிவு வரும்: தனிப் பங்கில் 5 நாள், 10 நாள் சராசரியைத் துரத்துவது, தொடரும் போக்கைவிடத் திரும்பும் போக்கே மேலோங்கியிருக்கும் இடத்தில் நின்று துரத்துவது. ஏறக்குறைய அரை வருடம் முதல் ஒரு வருடம் வரையான கோடுகளுக்குத்தான் ஆய்வின் ஆதரவு ஏதோ இருக்கிறது. அந்த ஆதரவும் நூற்றுக்கணக்கான பங்குகளைச் சேர்த்து எடுத்த சராசரிக்கு. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பங்குக்கு அது மிக பலவீனமான சாய்வு மட்டுமே. 2009 போல ஆழமான சரிவிலிருந்து சந்தை துள்ளி எழுந்தபோது, அதிகம் விழுந்த பங்குகளே அதிகம் ஏறி, இந்தப் போக்கு மோசமாகத் தோற்றதும் உண்டு.

நகரும் சராசரியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் பலரும் மேற்கோள் காட்டுவது பிராக், லகோனிஷாக், லெபரான் மூவரும் 1992-இல் வெளியிட்டது. டவ் ஜோன்ஸ் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையான தரவில், சராசரிக்கு மேல் இருந்த நாட்களின் வருமானம் கீழே இருந்த நாட்களைவிடக் கணிசமாக அதிகம் என்றும், கீழே இருந்த நாட்களில் ஏற்ற இறக்கம் கூடுதல் என்றும் கண்டார்கள். அவர்கள் சோதித்த விதிகளில் 50 நாளும் 200 நாளும் உண்டு. சார்ட் பார்ப்பவர்கள் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். 1999-இல் சலிவன், டிம்மர்மன், வைட் மூவரும் அதே குறியீட்டில் ஆயிரக்கணக்கான விதிகளை ஓட்டிப் பார்த்தார்கள். இத்தனை விதிகளில் ஒன்று தற்செயலாக ஜெயிக்கும் வாய்ப்பையும் கணக்கில் எடுத்தார்கள். பழைய காலத்தில் சிறந்த விதி அந்தச் சோதனையையும் தாண்டியது. 1987 முதலான பத்து வருடத்தில் தாண்டவில்லை. இதை நான் இப்படிப் படிக்கிறேன்: ஒரு காலத்தில் இதில் ஏதோ இருந்தது, எல்லோருக்கும் கணினி வந்து வாங்கல் விற்றல் மலிவான பிறகு அது தேய்ந்தது. காரணம் பற்றிய பகுதி என் அனுமானம், முடிவுகள் அவர்களுடையவை. 2007-இல் மெபேன் ஃபேபர் வெளியிட்ட கட்டுரையில், மாதத்துக்கு ஒரே முறை பார்த்து 10 மாத சராசரிக்கு மேல் இருந்தால் வைத்திருப்பது, கீழே போனால் வெளியேறுவது என்ற எளிய விதி சோதிக்கப்பட்டது. அதில் என்னைக் கவர்ந்தது வருமானம் அல்ல. சரிவுகளின் ஆழம் வெகுவாகக் குறைந்ததுதான். நகரும் சராசரியிடம் ஏதாவது கேட்பதென்றால் இதைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இவை எல்லாமே குறியீட்டெண்கள் மீதும் பெரிய சொத்து வகைகள் மீதும் நடந்த சோதனைகள். ஒற்றை நிறுவனத்தின் பங்கு வேறு ஜாதி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன், கண்ணை ஏமாற்றும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ரஷ்யப் புள்ளியியலாளர் யூஜின் ஸ்லட்ஸ்கி 1927-இலேயே காட்டியது இது. முழுக்கத் தற்செயலான எண்களை எடுத்து நகரும் சராசரி போட்டால், அலை அலையாக ஏறி இறங்கும் அழகான கோடு கிடைக்கும். மூல எண்களில் எந்த அலையும் இல்லை; சராசரி போடும் செயலே அலையை உண்டாக்குகிறது. அடுத்தடுத்த நாட்களின் சராசரிகள் ஏறக்குறைய ஒரே எண்களால் ஆனவை. 200 எண்களில் 199 பொதுவானவை. அதனால் அவை ஒன்றையொன்று ஒட்டியே நகரும். கோடு வழவழப்பாக இருப்பதைப் பார்த்து ‘டிரெண்ட் வலுவாக இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றுவதில் கணிசமான பகுதி இந்த ஒட்டுதல்தான். நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஒன்று கூட்டி, பூ விழுந்தால் ஒன்று கழித்து ஒரு பொய் விலை வரிசை உண்டாக்கி, அதன் மீது 50, 200 கோடுகளைப் போட்டுப் பாருங்கள். டெத் கிராஸும், 50 நாள் கோடு 200-க்கு மேலே வெட்டும் கோல்டன் கிராஸும் அதிலும் வரும். சப்போர்ட்டில், அதாவது விலையைத் தாங்குவதாகத் தோன்றும் மட்டத்தில், பட்டுத் திரும்புவதும் வரும். இதை ஒரு முறை சொந்தமாகச் செய்து பார்த்தவர்கள் சார்ட்டைப் பார்க்கும் விதமே மாறிவிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கும் இங்கேயே பாதி பதில் இருக்கிறது. 50, 200 என்பவை வழக்கத்தால் நிலைத்த முழு எண்கள். இயற்கையில் அவற்றுக்குத் தனி இடம் கிடையாது. ஒரு பங்கு ‘200 நாள் கோட்டில் சப்போர்ட் எடுத்தது’ என்று தோன்றினால், அதே சார்ட்டில் 185, 215 நாள் கோடுகளையும் போடுங்கள். பெரும்பாலும் அவையும் அதே அளவு பொருத்தமாகத் தெரியும், சில சமயம் கூடுதலாகவே. நிறையப் பேர் 200-ஐப் பார்ப்பதால் அந்த இடத்தில் ஆர்டர்கள் குவியலாம் என்ற வாதத்தை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன், குறிப்பாகப் பெரிய குறியீட்டெண்களில். ஒரு தனிப் பங்கில் அதை நம்பிப் பணம் போடுமளவு உறுதி எனக்கு இல்லை. உங்கள் பங்குக்குக் கடந்த காலத்தில் 43-117 ஜோடிதான் அபாரமாக வேலை செய்தது என்று மென்பொருள் காட்டினால், அது நூற்றுக்கணக்கான ஜோடிகளில் அதிர்ஷ்டம் அடித்த ஒன்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல விதி பக்கத்து எண்களிலும் சுமாராக வேலை செய்ய வேண்டும். 200-இல் லாபம், 190-இல் நஷ்டம் என்றால் அங்கே விதியே இல்லை.

சரி, தனிப் பங்கு. குறியீட்டெண்ணில் நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் தனிக் கதைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பொதுவான ஓட்டம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரே நிறுவனத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. காலாண்டு முடிவு, ஒரு வழக்கின் தீர்ப்பு, ஒரு மருந்துக்கு அனுமதி மறுப்பு, நிர்வாகத்தில் ராஜினாமா, இணைப்பு அறிவிப்பு: இவை வரும்போது விலை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்குத் தாவும். நேற்று சராசரிக்கு மேல் 4 சதவீதத்தில் இருந்தது, இன்று காலை 15 சதவீதம் கீழே திறக்கும். நடுவில் விற்க இடமே கிடையாது. ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஆர்டர்) போட்டிருந்தாலும் திறந்த விலையில்தான் போகும். தனிப் பங்கில் பெரிய நஷ்டங்கள் பலவும் இந்த வழியில் வருகின்றன, சராசரியால் அதைத் தடுக்க முடியாது. இன்னொரு பக்கம், கணக்கில் மோசடி, கடன் சுமை, மெல்லச் சாகும் தொழில் போன்றவற்றில் விலை மாதக்கணக்கில் சறுக்குவதும் உண்டு. அங்கே ‘இவ்வளவு விழுந்துவிட்டது, இனி ஏறும்’ என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, இறங்கும் 200 நாள் கோடு அசையாமல் வேறு சொல்லும். அந்த ஒரு வேலைக்காகவே அதை என் சார்ட்டில் வைத்திருக்கிறேன்.

எந்தக் கோடு போடுவதற்கு முன்னாலும் தரவைச் சரிபாருங்கள். பங்குப் பிரிப்பு, போனஸ் ஆகியவற்றுக்குத் திருத்திய விலைகளில்தான் சராசரி போட வேண்டும். ஆப்பிள் பங்கு 2020 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றுக்கு நான்காகப் பிரிந்தது. திருத்தாத தரவில் அன்று விலை 75 சதவீதம் சரிந்ததாகத் தெரியும், அந்தப் பழைய விலைகள் வெளியேறும்வரை, 200 நாள் கோட்டில் ஏறக்குறைய 200 வர்த்தக நாட்களுக்கு, சராசரி பொய் சொல்லும். பெரிய டிவிடெண்ட் தரும் பங்குகளிலும் இதே பிரச்சினை சிறிய அளவில் உண்டு. இது சலிப்பான வேலை, ஆனால் ‘விநோதமான’ டெத் கிராஸ்கள் பல இங்கே மறைந்துவிடும்.

இனி உங்கள் பங்கு. வெட்டு வருகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் விற்கமாட்டேன். மேலே சொன்னபடி அது பழைய செய்தி. இறங்கிய பகுதியை உங்கள் கணக்கு ஏற்கெனவே பார்த்துவிட்டது. நான் இந்த வரிசையில் பார்ப்பேன். முதலில், அதே காலத்தில் மொத்தச் சந்தையும் அந்தத் துறையும் என்ன செய்தன? எல்லாமே இறங்கியிருந்தால் அது உங்கள் நிறுவனத்தைப் பற்றிய தகவலே இல்லை. சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் இறங்கினால், வேறு யாருக்கோ தெரிந்த விஷயம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உடனே கடைசி இரண்டு மூன்று காலாண்டு அறிக்கைகளை எடுத்து விற்பனை, லாப விகிதம், கடன், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் நான்கையும் பார்க்க வேண்டும். அடுத்து, நீங்கள் எந்தக் காரணத்துக்காக வாங்கினீர்களோ அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? காரணம் செத்துப்போயிருந்தால், கோடு எங்கே இருந்தாலும் விற்கலாம். காரணம் இருக்கிறது, விலை மட்டும் இறங்கியிருக்கிறது என்றால், விற்பதற்குச் சராசரி தரும் வாதம் பலவீனமானது. கடைசியாக, இந்தப் பங்கு பாதியாக விழுந்தால் உங்கள் மொத்தச் சேமிப்பில் எவ்வளவு போகும்? அந்த எண் தூக்கத்தைக் கெடுக்குமானால், பிரச்சினை 50, 200 கோடுகளில் இல்லை, வைத்திருக்கும் அளவில் இருக்கிறது. கொஞ்சத்தை விற்று அளவைக் குறைப்பதற்கு எந்த சிக்னலும் தேவையில்லை.

சராசரியை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், தினசரி பார்க்காதீர்கள். மாதக் கடைசி முடிவு விலையை மட்டும் 10 மாத சராசரியோடு ஒப்பிடுங்கள், அல்லது கோட்டை ஒன்றிரண்டு சதவீதம் தாண்டினால்தான் செயல்படுவேன் என்று ஒரு இடைவெளி வையுங்கள். விலை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றும் காலத்தில், இப்படிச் செய்யாவிட்டால் வாங்கி விற்று வாங்கி விற்று, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்துகொண்டே போவீர்கள். இதற்கும் விலை உண்டு: செயல்படுவது இன்னும் தாமதமாகும், திடீர்ச் சரிவில் இன்னும் கீழே வெளியேறுவீர்கள். இது போன்ற விதிகளில் பாதிக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் சிறு நஷ்டத்தில் முடிவது சகஜம், சில பெரிய லாபங்கள்தான் அவற்றை ஈடுகட்ட வேண்டும். அந்தச் சில லாபங்களில் ஒன்றை நீங்கள் பயத்தில் சீக்கிரம் விற்றுவிட்டால் மொத்தக் கணக்கும் கவிழ்ந்துவிடும். தரகுக் கட்டணம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, ஒவ்வொரு விற்பனையிலும் லாபத்துக்கு வரக்கூடிய வரி, இவை எந்த அழகான பேக் டெஸ்டிலும் (பழைய விலைகளில் விதியை ஓட்டிப் பார்க்கும் சோதனையிலும்) தானாக வராது. நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

நான் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். உங்கள் பங்கின் திருத்திய முடிவு விலைகளைப் பத்துப் பதினைந்து வருடத்துக்கு எடுத்து ஒரு விரிதாளில் போடுங்கள். இன்றைய சிக்னலுக்கு நாளைய விலையில்தான் வாங்கவோ விற்கவோ முடியும் என்று வையுங்கள். இதைத் தவறவிட்டால் முடிவு எப்போதும் பொய்யாக நன்றாகத் தெரியும். கட்டணத்தையும் வரியையும் கழியுங்கள். வந்த தொகையைச் சும்மா வாங்கி வைத்திருந்தால் வந்திருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். அதிகபட்சச் சரிவு இரண்டிலும் எவ்வளவு என்று தனியாகக் குறியுங்கள். பிறகு அதே விதியை இன்றும் நன்றாக நடக்கும் பங்குகளில் மட்டும் ஓட்டாமல், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களின் பழைய விலைகள் கிடைத்தால் அவற்றிலும் ஓட்டுங்கள். வாங்கி வைத்திருந்தவர் மொத்தத்தையும் இழந்த இடங்கள் அவைதான். விதி அங்கே எவ்வளவைக் காப்பாற்றியிருக்கும், நன்றாக ஓடிய பங்குகளில் எவ்வளவைத் தின்றிருக்கும் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, 200 நாள் கோட்டுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.